உங்களுக்குத் தெரியுமா? இடம் பிடித்து வைக்கும் ‘இட்’

‘ஐ ஃபவுண்ட் இட் ஹார்ட் டு ஸ்லீப்’ என்ற ஆங்கில வாக்கியத்தில் ‘இட்’ எதைக் குறிக்கிறது? எந்தப் பொருளையும் அல்ல. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, செயப்படுபொருளுக்கு உரிய இடத்தை அது பிடித்து வைக்கிறது. உண்மையான செயப்படுபொருளான ‘டு ஸ்லீப்’ கடைசியில் வந்து சேர்கிறது. ‘ஃபைண்ட்’, ‘மேக்’, ‘திங்க்’, ‘கன்சிடர்’ போன்ற வினைகளுக்குப் பின் இந்த ‘இட்’, அடுத்து பெயரடை, அதன்பின் ‘டு’ சேர்ந்த வினை என்பதே வரிசை. தமிழில் ‘தூங்குவது கஷ்டமாக இருந்தது’ என்றாலே போதும். இடம் பிடிக்க ஒரு சொல் தேவையில்லை என்பதால் நம் மாணவர்கள் ‘இட்’டை எளிதில் விட்டுவிடுகிறார்கள்.

இத்தகைய அமைப்புகளை வகைப்படுத்தி அகராதிக்குள்ளேயே கொண்டுவந்தவர், ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி. ஹெரால்ட் பாமர் தொடங்கிவைத்த ஆய்வை அவர் வளர்த்தெடுத்தார். எந்த வினை எந்த அமைப்பை ஏற்கும் என்பதைக் கற்பவருக்குச் சொன்னது அவருடைய மகத்தான பணி. 25 வினை அமைப்புகளை அவர் வகுத்தார். அவரும் சக ஆசிரியர்களும் தொகுத்த அகராதி 1942-இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை மறுபதிப்பு செய்தது. இன்றைய ‘ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்ஷனரி’ அதன் நேரடி வாரிசு.