உஷார்! ‘முதல்ல விசிட் விசாவில போங்க டீச்சர்’

அந்த வட்ஸ்அப் செய்தியை இன்னொரு குழுவுக்கு அனுப்பமுதல் கொஞ்சம் பொறுங்கள். “சர்வதேசப் பாடசாலைக்கு ஆங்கிலம், கணிதம், விஞ்ஞான ஆசிரியர்கள் உடனடித் தேவை. தங்குமிடம், சாப்பாடு இலவசம். அனுபவம் அவசியமில்லை. பத்து நாளில் பயணம்.” கீழே ஒரு கைபேசி இலக்கம் மட்டும் இருக்கும். பாடசாலையின் பெயர் இருக்காது. சில செய்திகளில் நாட்டின் பெயரே இருக்காது. ஒரு மாணவன் இப்படி அரைகுறையாக விடை எழுதித் தந்தால் சிவப்புப் பேனையால் சுழித்துவிடுவோம். ஆனால் இந்தச் செய்திக்கு மட்டும் மட்டக்களப்பின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் படித்த ஆட்களே சுயவிபரக் கோவை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

ஏன் என்று கேட்க வேண்டியதில்லை. 2022இல் நாடு கடன் கட்ட முடியாமல் விழுந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ஆசிரியர் சம்பளத்தின் பெறுமதி பாதியாய்ப் போனது. அந்த ஒரே வருடத்தில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கையர் வேலைக்கென்று வெளிநாடு சென்றார்கள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகப் பட்டதாரியும் தாழங்குடாக் கல்வியியற் கல்லூரியில் படித்து வந்தவரும் தாங்களும் போனால் என்ன என்று நினைத்ததில் பிழையே இல்லை. கடல் கடந்து படிப்பிப்பது இந்த மண்ணுக்குப் புதிதுமல்ல. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராகப் போனவர். மாலைதீவுப் பாடசாலைகளில் இலங்கை ஆசிரியர்கள் எத்தனையோ காலமாகப் படிப்பிக்கிறார்கள். உழைத்து வந்து வீடு கட்டியவர்களும் இருக்கிறார்கள். போக வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. போகிற வழியைப் பார்த்துத்தான் பயமாக இருக்கிறது.

ஏமாற்று என்பது வீட்டுப் பணிப்பெண்ணாகப் போகிறவர்களுக்குத்தான் நடக்கும், பட்டமும் ஆங்கிலமும் உள்ளவர்களுக்கு நடக்காது என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. ஏஜென்ட்மாருக்கு முதலே அந்த நினைப்புத்தான். 2023, 2024இல் மியன்மாரின் மியாவடிப் பகுதியில் 50க்கும் மேற்பட்ட இலங்கையர் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டுக் கிடந்தார்களே, அவர்கள் யார்? கணினி தெரிந்த, ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகள். தாய்லாந்தில் அலுவலக வேலை என்று நம்பிப் போனவர்களை எல்லை தாண்டிக் கொண்டுபோய், ஊர் பேர் தெரியாத ஆட்களிடம் இணையத்தில் காசு பறிக்கும் வேலையில் இருத்தினார்கள். மறுத்தவர்களுக்கு அடி, மின்சார அதிர்ச்சி. அந்த முகாம்களுக்கு வேண்டியது நல்ல ஆங்கிலத்தில் அன்பாகப் பேசத் தெரிந்தவர்கள். ஓர் ஆங்கில ஆசிரியரை விடப் பொருத்தமான ஆள் அவர்களுக்கு வேறு யார்?

அடுத்தது ஓமான். 2022 நவம்பரில் வெளிவந்த ஓர் ஆட்கடத்தல் விவகாரத்தில் இலங்கைப் பெண்கள் அங்கே போனது விசிட் விசாவில். அங்கே இருந்த இலங்கைத் தூதரகத்தின் உத்தியோகத்தர் ஒருவரே கைதானார். விசிட் விசாவில் இறங்கிய ஆள் அந்த நாட்டுக் கணக்கில் வேலையாள் அல்ல, சுற்றுலாப் பயணி. சம்பளம் தராவிட்டால் தொழிற் சட்டத்தைச் சொல்லி முறையிட வழியில்லை. முறையிடப் போனால் முதல் குற்றவாளி நீங்கள்தான். ஐக்கிய அரபு இராச்சியத்தில் விசாக் காலம் முடிந்தபின் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹம் தண்டப்பணம் ஏறும். மாலைதீவில் யார் இறங்கினாலும் 30 நாள் விசா விமான நிலையத்திலேயே கிடைக்கும். அதைக் காட்டி “விசா ஓகே டீச்சர்” என்பார்கள். அது கடற்கரையில் நிற்பதற்கான விசா, கரும்பலகைக்கு முன்னால் நிற்பதற்கானது அல்ல. ஆகவே “முதல்ல விசிட் விசாவில போங்க, அங்க போய் மாத்தலாம்” என்று யார் சொன்னாலும், சொல்பவர் உங்கள் சொந்த மச்சானாக இருந்தாலும், பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

மச்சான் என்று சும்மா சொல்லவில்லை. நமது பகுதியில் ஏஜென்ட் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு வருவதில்லை. பழைய மாணவனாக வருவான், கோயில் திருவிழாவில் முன்னுக்கு நிற்பவராக வருவார், நம்மட பொடியன்தானே என்று ரசீது கேட்க வெட்கப்படுவோம். உண்மையில் அவன் கொழும்பிலிருக்கும் ஓர் ஆளின் சப் ஏஜென்ட். பல வேளைகளில் அந்தக் கொழும்பு ஆளை அவனும் நேரில் கண்டதில்லை. காசு கைமாறிக் கைமாறிப் போய்விடும். கேட்கப் போனால், “நானும் ஏமாந்துட்டன் சேர்” என்பான். அது உண்மையாகவும் இருக்கலாம். உங்கள் காசு வரப்போவதில்லை.

இதற்கென்றே 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஒரு நிறுவனம் இருக்கிறது: இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம். அங்கே வரிசையில் நிற்பது ஆசிரியர்களுக்குக் கௌரவக் குறைச்சலாகத் தெரிகிறது. “பியூரோவா? அது வீட்டு வேலைக்குப் போறவங்களுக்கு” என்று சொல்லி விலகிவிடுகிறார்கள். அந்தக் கௌரவத்துக்குக் கொடுக்கும் விலை பெரிது. பதிவு செய்து போனவருக்குக் காப்புறுதி இருக்கிறது, பிரச்சினை வந்தால் தேட ஒரு கோவை இருக்கிறது. ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்பதோடு நிற்காமல், உங்களுக்குச் சொன்ன அந்த நாட்டின் அந்த வேலைக்குப் பணியகம் அனுமதி கொடுத்திருக்கிறதா என்றும் கேளுங்கள். உண்மையான அனுமதிப்பத்திரத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டு இல்லாத வேலையை விற்பவர்களும் உண்டு. கேட்பதற்குக் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. 1989 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பிரதேச செயலகங்களில் இதற்கென வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள்.

இனி அந்தப் பாடசாலை. ‘இன்டர்நஷனல்’ என்ற பலகையை யாரும் மாட்டலாம். நமது நாட்டிலேயே சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவானவைதாம், கல்வி அமைச்சின் கீழ் அல்ல. ஐபி (இன்டர்நஷனல் பக்கலோரியட்) பாடத்திட்டம் நடத்துவதாகச் சொன்னால் ஐபி அமைப்பின் இணையத்தளத்தில் அங்கீகாரம் பெற்ற பாடசாலைகளின் பட்டியல் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் என்றால் அவர்களிடமும் இருக்கிறது. பெயரைத் தட்டிப் பார்க்க இரண்டு நிமிஷம் போதும். ஏஜென்ட் தந்த இலக்கத்துக்கு எடுக்காமல், பாடசாலையின் தளத்தில் உள்ள தொலைபேசிக்கு நீங்களே எடுத்து இப்படி ஒரு வெற்றிடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொன்று. நல்ல பாடசாலை உங்களைச் சந்தேகிக்கும். பிள்ளைகளை ஒப்படைக்கப் போகிறவர்கள் அல்லவா? வீடியோவில் நேர்முகம் வைக்கும், ஒரு பாடம் நடத்திக் காட்டச் சொல்லும், பொலிஸ் நற்சான்றுப் பத்திரம் கேட்கும், உங்கள் பழைய அதிபருக்கு எழுதி விசாரிக்கும், பட்டச் சான்றிதழை வெளிநாட்டலுவல்கள் அமைச்சில் உறுதிப்படுத்திக் கொண்டுவரச் சொல்லும். இவை ஒன்றுமே கேட்காமல் இரண்டு நாளில் நியமனக் கடிதம் அனுப்புகிற இடம் உங்களை ஆசிரியராகத் தேடவில்லை.

நாட்டுக்கு நாடு விதியும் தெரிந்திருக்க வேண்டும். சீனாவில் ஆங்கில ஆசிரியர் வேலை என்றால், ஆங்கிலம் தாய்மொழியான சில நாடுகளின் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குத்தான் பொதுவாக வேலை அனுமதி. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு யாரும் அதை உறுதியாகச் சொன்னால் கேள்வி கேளுங்கள். தாய்லாந்தில் வேலை அனுமதியோடு ஆசிரியர் மன்றத்தின் அனுமதியும் தேவை. மாலைதீவில் சம்பளம் டொலரிலா ருபியாவிலா என்று எழுத்தில் வாங்குங்கள். ருபியாவில் வாங்கி அதை டொலராக்கி வீட்டுக்கு அனுப்பப் படும் பாடு அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். வளைகுடாவில் ‘மொத்தச் சம்பளம்’ என்று பெரிய தொகை சொல்வார்கள். அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். ஐக்கிய அரபு இராச்சியத்தில் பணிக்கொடை கணக்கிடுவது அடிப்படைச் சம்பளத்தில் மட்டும்: முதல் ஐந்து வருடத்துக்கு, வருடத்துக்கு 21 நாள் சம்பளம். விசாவில் எழுதியிருக்கும் பதவியையும் வாசியுங்கள். ஒப்பந்தத்தில் ‘ஆசிரியர்’, விசாவில் ‘உதவியாளர்’ என்றிருந்தால் அங்கே செல்லுபடியாவது விசாவில் உள்ளது. கடவுச்சீட்டைப் பாடசாலை வைத்துக்கொள்ளும் என்று எந்த வரியிலும் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

அரச ஆசிரியர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. 2022 ஜூனில் வந்த 14/2022 இலக்கச் சுற்றறிக்கை, அரச ஊழியர் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போக வழி விட்டது. அதை நம்பி, விண்ணப்பத்தைக் கொடுத்த கையோடு விமானம் ஏறக் கூடாது. அனுமதிக் கடிதம் கைக்கு வர வேண்டும். இப்போது எந்த விதி நடைமுறையில் இருக்கிறது, உங்கள் நியமனத்தில் கட்டாய சேவைக்காலம் இருக்கிறதா என்று பட்டிருப்போ, கல்குடாவோ, உங்கள் வலயக் கல்விப் பணிமனையில் எழுத்திலே கேட்டு வாங்குங்கள். சும்மா வராமல் நின்றால் பதவியை விட்டு விலகியதாகக் கடிதம் வரும். அங்கேயும் வேலை இல்லை, இங்கேயும் இல்லை என்றாகிவிடும்.

காசு எங்கிருந்து வருகிறது என்பதையும் பேச வேண்டும். தாலிக்கொடி அடகுக்குப் போகிறது, அது போதாமல் வீட்டு உறுதி போகிறது. மட்டக்களப்பு வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு உரியது. அண்ணன் வெளிநாடு போக வைத்த ஈட்டில் தங்கச்சியின் கலியாணமும் சேர்ந்து போய்விடும்.

ஏற்கெனவே காசு கட்டிவிட்டீர்களா? ஆத்திரத்தில் ஏஜென்டுக்கு ஏசி எழுதிவிட்டு உரையாடலை அழித்துவிடாதீர்கள். குரல் பதிவுகள், வங்கியில் காசு போட்ட துண்டு, அனுப்பிய நியமனக் கடிதம் எல்லாவற்றையும் வேறொரு போனிலும் சேமித்து வையுங்கள். ரசீது இல்லையென்றாலும் அவை சாட்சி. அவற்றோடு பணியகத்தில் முறைப்பாடு செய்யுங்கள், உங்கள் பொலிஸ் நிலையத்திலும் பதியுங்கள். “அடுத்த கிழமை விசா வரும், பியூரோவுக்குப் போனா எல்லாம் கெட்டுப்போகும்” என்று அவன் எடுப்பான். எடுத்தால் அந்த அழைப்பையும் பதிவு செய்து கொடுங்கள்.