இரத்த உறைவைத் தடுக்கும் மருந்துகள்: எது யாருக்கு?

வயது ஏற ஏறச் சிலருக்கு இதயத் துடிப்பின் தாளம் தவறிவிடுகிறது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகின்றன. அங்கே தேங்கும் இரத்தம் கட்டியாக உறைந்து, மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயை அடைத்தால் பக்கவாதம் வருகிறது. இவர்களுக்கு அந்த அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ 5 மடங்கு அதிகம். பலருக்குப் படபடப்புக்கூடத் தெரிவதில்லை.

"இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன், அது போதும்" என்று நினைப்பவர்கள் நம்மிடையே பலர். இந்த நோய்க்கு அது போதாது. இரத்தம் உறைவதை வேறு வழியில் தடுக்கும் மருந்துகளே தேவை.

அவற்றுள் மூத்தது வார்ஃபரின். 1954 முதல் மனிதருக்குப் பயன்படுகிறது, விலை குறைவு. ஆனால் அடிக்கடி இரத்தப் பரிசோதனை செய்து, 'ஐ.என்.ஆர்.' அளவை 2-க்கும் 3-க்கும் இடையே வைத்திருக்க வேண்டும். கீரை வகைகளில் உள்ள வைட்டமின் கே இதன் வேகத்தைக் குறைக்கும். கீரையை ஒதுக்க வேண்டாம். ஒரே அளவாக உண்டால் போதும்.

புதியவை டாபிகாட்ரான், ரிவரோக்சபான், அபிக்சபான், எடோக்சபான் ஆகிய நான்கு. இவற்றுக்கு ஐ.என்.ஆர். பரிசோதனை தேவையில்லை. மூளைக்குள் இரத்தக் கசிவு ஏற்படுவதும் வார்ஃபரினைவிடக் குறைவு. 18,201 பேரிடம் நடந்து 2011-இல் வெளிவந்த ஆய்வில், வார்ஃபரினுடன் ஒப்பிடுகையில் அபிக்சபான் பக்கவாதம் முதலிய அடைப்புகளை 21 விழுக்காடும், பெரிய இரத்தக் கசிவை 31 விழுக்காடும் குறைத்தது.

அப்படியானால் எல்லாரும் புதியதற்கு மாறிவிடலாமா? கூடாது. செயற்கை உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும், வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு வெகுவாகச் சுருங்கியவர்களுக்கும் வார்ஃபரினே உரியது. சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்குப் புதிய மருந்தின் வகையையும் அளவையும் மருத்துவர் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

விரதம் இருப்போர் ஒன்றை மறக்க வேண்டாம். புதிய மருந்துகளின் பலன் ஓரிரு நாளிலேயே தீர்ந்துவிடும். "இன்று விரதம், மாத்திரை வேண்டாம்" என்று விடும் நாளில் பாதுகாப்பும் போய்விடுகிறது. ரிவரோக்சபானை உணவோடுதான் உட்கொள்ள வேண்டும் என்பதால், விரதத்துக்கு முன்பே மருத்துவரைக் கேளுங்கள். அலகு குத்த நேர்ந்துகொண்டவர்களும், பல் பிடுங்க வேண்டியவர்களும், நாட்டு மருந்து உண்போரும் அவ்வாறே கேட்பது அவசியம். தாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது.

மலம் கறுத்துப் போனாலோ தலையில் அடிபட்டாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்றே அவர்கள் மணிக்கட்டில் விரல் வைத்துப் பாருங்கள். நாடி ஒழுங்கின்றித் துடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.