காரிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கு வயர் கொடுக்கலாமா?

நம்மில் சிறு வியாபாரம் செய்யும் பலருக்கு மோட்டார் சைக்கிள் என்பது சவாரி போகும் வாகனம் மாத்திரமல்ல. அது சம்பளம் கேட்காத ஒரு வேலையாள். பேக்கரியிலிருந்து பாண் கொண்டு போவதும், பாமசியிலிருந்து வீடுகளுக்கு மருந்து கொடுத்து வருவதும், மொத்தக் கடையில் சாமான் எடுத்து வருவதும் அதுதான். அந்த வேலையாள் ஒரு நாள் காலையில் எழும்ப மறுத்தால் அன்றைய வியாபாரத்தில் பாதி அங்கேயே நின்று விடுகிறது. ஸ்டார்ட் சுவிட்சை அமத்தினால் 'டிக், டிக்' என்று ஒரு சத்தம். மீட்டரில் விளக்கு மங்குகிறது. பற்றரி இறங்கி விட்டது.

அந்த நேரத்தில் எல்லோருடைய கண்ணும் பக்கத்தில் நிற்கும் காரின் மீதுதான் போகும். "நானா, உங்கட கார்ல இருந்து ஒரு வயர் தாங்களேன், ஸ்டார்ட் பண்ணிக் கொள்றன்" என்று கேட்பவரும் உண்டு. "வேணாம் தம்பி, கார் கரண்ட் பெரிசு, பைக் எரிஞ்சி போயிடும்" என்று தடுப்பவரும் உண்டு. கடை வாசலில் இந்த இரண்டு பேச்சையும் நான் வருடக்கணக்காகக் கேட்டு வருகிறேன். யார் சொல்வது சரி என்பதை இவ்வாரம் பார்ப்போம்.

விடையை முதலிலேயே சொல்லி விடுகிறேன். இரண்டு வாகனமும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும். காரின் எஞ்சின் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். வயர்களை முறைப்படி பூட்ட வேண்டும். இம்மூன்றும் சரியாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஒன்று பிழைத்தாலும் நட்டம் நமக்குத்தான்.

பெரிய பற்றரியா பயம்?

நமது வீதிகளில் ஓடும் 100, 150 சீசீ மோட்டார் சைக்கிள்களின் பற்றரி பெரும்பாலும் 2.5 முதல் 9 அம்பியர் மணி அளவுடையது. ஒரு சிறிய காரின் பற்றரியோ 35 அம்பியர் மணியும் அதற்கு மேலும் இருக்கும். இந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் 'எரிஞ்சி போயிடும்' என்று சொல்கிறார்கள்.

வியாபாரிகளுக்கு இதை விளங்கப்படுத்துவது இலகு. மொத்தக் கடையில் ஆயிரம் மூடை அரிசி இருக்கிறது என்பதற்காக, ஒரு கிலோ கேட்டு வந்தவரின் பையில் ஆயிரம் மூடையும் வந்து விழுவதில்லை. அவர் கேட்டதைத்தான் கடை கொடுக்கிறது. அம்பியர் மணி என்பது கடையில் உள்ள இருப்பு. மோட்டார் சைக்கிளின் ஸ்டார்ட்டர் தனக்குத் தேவையானதை மாத்திரம் இழுத்துக் கொள்ளும். பார்க்க வேண்டியது வோல்ட்டை. நன்றாகச் சார்ஜ் ஏறிய கார் பற்றரி 12.6 வோல்ட் அளவில் இருக்கும். மோட்டார் சைக்கிளின் நல்ல பற்றரியும் அதே அளவுதான். இரண்டும் ஒன்றாக இருக்கும்போது எரிவதற்கு இடமில்லை.

வோல்ட் மாறினால் கதை வேறு. பழைய ஹொண்டா சி-90 போன்ற வண்டிகளில் 6 வோல்ட் பற்றரி உள்ளவை இன்னும் சில ஊர்களில் ஓடுகின்றன. அவற்றுக்குக் காரிலிருந்து வயர் கொடுக்கவே கூடாது. அதேபோல பெரிய லொறிகளும் பஸ்களும் 24 வோல்ட். அவற்றிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கு எடுப்பது கையிலுள்ள பணத்தை அடுப்பில் போடுவதற்குச் சமம். பற்றரியின் மேல் எழுதியிருப்பதை வாசிக்காமல் வயரைக் கையில் எடுக்க வேண்டாம்.

காரை ஏன் ஸ்டார்ட் செய்யக் கூடாது?

காருக்குக் கார் வயர் கொடுக்கும்போது கொடுக்கும் காரை ஓட விடுவது வழக்கம். அதே பழக்கத்தில் இங்கும் செய்கிறார்கள். கார் ஓடும்போது அதன் மின்னழுத்தம் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை ஏறுகிறது. மோட்டார் சைக்கிளும் ஓடும்போது ஏறக்குறைய அதே அளவுக்கு வருகிறதே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் மோட்டார் சைக்கிளின் சார்ஜிங் சிறியது. அதனால் கொடுக்கக் கூடிய கரண்டுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. காரின் ஒல்டனேட்டரோ பல பத்து அம்பியர் கொடுக்க வல்லது. வெறுமையாகக் கிடக்கும் சிறிய பற்றரி அதனை அவசர அவசரமாக இழுத்துக் கொண்டு சூடேறும், உள்ளேயிருக்கும் அமிலம் பொங்கும். எஞ்சின் ஓடும்போது வயரைப் பூட்டுவதாலும் கழற்றுவதாலும் ஏற்படும் மின் துள்ளல், எலெக்ட்ரோனிக் பாகங்களுக்கும் நல்லதல்ல. பெற்றோல் இன்ஜெக்ஷன் உள்ள புதிய மோட்டார் சைக்கிள்களில் இது மிகவும் கவனிக்க வேண்டிய விடயம்.

இதில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஒரு காரையே உருட்டி எழுப்பும் பற்றரிக்கு மோட்டார் சைக்கிளை எழுப்புவது பெரிய வேலையே அல்ல. எஞ்சினை ஓட விடுவதால் கிடைக்கும் இலாபம் எதுவுமில்லை. இலாபமில்லாத இடத்தில் ஏன் ஆபத்தை வாங்க வேண்டும்?

பூட்டும் முறை

இரண்டு வாகனமும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கட்டும். இரண்டு சாவியும் ஓஃபில் இருக்கட்டும். கையிலுள்ள மோதிரத்தையும் இரும்புப் பட்டி மணிக்கூட்டையும் கழற்றி வையுங்கள்.

சிவப்பு வயரின் ஒரு முனையை மோட்டார் சைக்கிள் பற்றரியின் பிளஸ்ஸில் முதலில் பூட்டுங்கள். மறுமுனையைக் கார் பற்றரியின் பிளஸ்ஸில் பூட்டுங்கள். பின்னர் கறுப்பு வயரைக் காரின் மைனஸில் பூட்டுங்கள். கடைசி முனையை மோட்டார் சைக்கிள் பற்றரியில் பூட்டாமல், அதற்குத் தூரமாக எஞ்சினிலோ சட்டத்திலோ பெயின்ற் இல்லாத இரும்பில் பூட்டுங்கள். கடைசி வயர் தொடும்போது ஒரு பொறி பறக்கும். பற்றரியிலிருந்து வெளிவரும் ஐதரசன் வாயு தீப்பற்றக் கூடியது. மோட்டார் சைக்கிளில் பெற்றோல் டாங்கும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆகையால்தான் பொறியைத் தூரத்துக்குக் கொண்டு போகிறோம். பெற்றோல் மணம் வீசினால் அது போகும் வரை எதையும் பூட்ட வேண்டாம்.

ஸ்டார்ட் சுவிட்சை ஐந்து செக்கனுக்கு மேல் அமத்தக் கூடாது. எழும்பாவிட்டால் சற்றுப் பொறுத்து மீண்டும் முயலலாம். எழும்பியதும் பூட்டிய வரிசைக்கு நேர் எதிராகக் கழற்ற வேண்டும். கடைசியாகப் பூட்டிய கறுப்பு முதலில் வரும்.

நான் கண்டவரையில் அதிகமாகப் பிழைப்பது இந்த இடத்தில்தான். கார் வயரின் கிளிப் பெரியது, மோட்டார் சைக்கிள் பற்றரியின் முனையோ சிறியது. கிளிப் சற்றுச் சரிந்தால் பக்கத்திலுள்ள இரும்புச் சட்டத்தில் படும், அல்லது மறு முனையில் படும். பியூஸ் போவதோடு முடிந்தால் அது நல்ல காலம். பிளஸ், மைனஸ் மாறினால் ரெக்டிபயர் போகலாம், கம்பியூட்டர் பெட்டியே போகலாம். வீட்டு வயரிங்குக்கு எடுத்த மெல்லிய வயரை முறுக்கிக் கொண்டு வருபவர்களும் இருக்கிறார்கள். அது சூடாகி உருகிக் கையைச் சுடும்.

தொடவே கூடாத பற்றரி

பெட்டி வீங்கியிருந்தால், வெடித்திருந்தால், அமிலம் கசிந்திருந்தால் அந்தப் பற்றரிக்கு வயர் கொடுக்க வேண்டாம். 12 வோல்ட் பற்றரிக்குள் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். சார்ஜ் ஏற்றிய பின்பும் மீட்டரில் 10.5 அளவில் நின்றால் ஓர் அறை செத்து விட்டதென்று சந்தேகிக்கலாம். அதைக் காரோடு தொடுத்தால் சூடேறி வெடிக்கவும் கூடும். லித்தியம் பற்றரி போட்டவர்கள் அதன் கம்பனி சொல்லும் முறையைத் தவிர வேறெதையும் செய்யக் கூடாது. அமிலம் கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் சுத்தமான தண்ணீரால் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கிக்கர் உள்ள வண்டியென்றால் முதலில் அதை மிதித்துப் பாருங்கள். கியர் உள்ள வண்டியை இரண்டாம் கியரில் தள்ளியும் எழுப்பலாம். ஆனால் ஸ்கூட்டரைத் தள்ளிப் பயனில்லை. இன்ஜெக்ஷன் வண்டியில் பற்றரி முற்றாக இறங்கியிருந்தால் பெற்றோல் பம்ப் வேலை செய்யாது. ஆகவே தள்ளினாலும் எழும்புவது கடினம்.

கைமாற்று முதலாகாது

2020இல் ஊரடங்கில் வண்டிகள் மாதக்கணக்கில் நின்றன. 2022இல் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான் முதலில் கிடைத்தது. ஓடாமல் நிற்கும் ஈயப் பற்றரி தானாகவே இறங்கும், இறங்கிய நிலையில் கிடந்தால் உள்ளே கெட்டும் போகும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறந்து விடப்பட்டது. அதனால் பலர் பழைய வண்டியையே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பழைய வண்டியென்றால் பற்றரித் தொல்லையும் கூடவே வரும்.

காரிலிருந்து எடுக்கும் ஸ்டார்ட் ஒரு கைமாற்றுத்தான். அவசரத்துக்கு உதவும், முதலாக மாட்டாது. வண்டி எழும்பியதும் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். வீட்டுக்குக் கொண்டு போய்ச் சிறிய சார்ஜரில் மெதுவாக ஏற்றுங்கள். 5 அம்பியர் மணி பற்றரிக்கு அரை அம்பியர் போதும். பிறகு எஞ்சினைச் சற்று ஏற்றி ஓட விட்டு மீட்டர் வைத்துப் பாருங்கள். 13.5க்கும் 14.5க்கும் இடையில் காட்டினால் சார்ஜிங் சரி. காட்டாவிட்டால் புதிய பற்றரி போட்டும் பயனில்லை, முதலில் சார்ஜிங்கைப் பழுது பார்க்க வேண்டும்.

சார்ஜிங் சரியாக இருந்தும் ஒரே வாரத்தில் இரண்டாம் தடவை வயர் கேட்க வேண்டி வந்தால் பற்றரியின் காலம் முடிந்து விட்டது. அடுத்தவரின் காரை நம்பாமல் உத்தரவாதத்தோடு ஒரு புதிய பற்றரி வாங்கி, வாங்கிய திகதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். ஒரு ரெக்டிபயரோ கம்பியூட்டர் பெட்டியோ மாற்றும் செலவையும், ஒரு நாள் வியாபாரம் போகும் நட்டத்தையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் பற்றரியின் விலை பெரிதாகத் தெரியாது.