அய்யனார் கோவிலுக்குக் கட்டுச்சோறு கட்டும்போது

வடகிழக்குப் பருவமழை மலையில் இறங்கியதும் ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில் ஓடையில் தண்ணீர் வந்துவிடும். தீபாவளி தொடங்கிப் பொங்கல் வரை, வனத்துறை அனுமதிக்கிற விடுமுறை நாளெல்லாம் குளிக்கக் கூட்டம்தான். வீட்டில் முறுக்கும் அதிரசமும் டப்பா டப்பாவாக இருக்கிற மாதங்களும் இவையே. நல்ல உடல்நிலையில் இருப்பவர் பண்டிகையன்று ஒருநாள் கூடுதலாகச் சாப்பிட்டால் பெரிய கேடில்லை. பண்டிகை முடிந்த பிறகும் டப்பா காலியாகும்வரை கை போய்க்கொண்டே இருக்கிறதே, அதுதான் எடையையும் சர்க்கரையையும் ஏற்றுகிறது.

எந்தச் சோறு தாங்கும்?

குளிர்ந்த தண்ணீரில் நெடுநேரம் ஆடிவிட்டுக் கரையேறினால் பசி பிடுங்கும். கையில் சோறு இல்லாதவர்கள் பஜ்ஜிக் கடைக்குத்தான் போவார்கள். திரும்பத் திரும்பச் சுட்டுக் கறுத்த எண்ணெயில் பொரித்தது அது. ஆகவே வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவதே நல்லது.

ஆனால் சோற்றைக் கட்டுவதில் கவனம் வேண்டும். அரிசியில் இருக்கும் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் கொதியில் சாவதில்லை. வெறும் சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும்; வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். திரும்பச் சூடாக்கினாலும் வாந்தி உண்டாக்கும் நச்சு போகாது. புளிப்பு இந்தப் பெருக்கத்தைத் தடுக்கும். நம் வீட்டுப் பெரியவர்கள் வழிப்பயணத்துக்குப் புளியோதரை கிண்டியது சரியான ஏற்பாடு. புளிக்காய்ச்சல் சோறு முழுவதும் ஒட்ட வேண்டும். சோற்றை ஆறவிட்டுத் தூக்கில் அடைக்க வேண்டும். தயிர்சாதம் என்றால் பாலை ஊற்றி ஒரு கரண்டித் தயிர் விட்டுப் பிசைந்துகொள்ளுங்கள், போகிற வழியில் புளித்து அளவாகிவிடும். தேங்காய்ச் சட்னி வேண்டாம், சீக்கிரம் கெட்டுப்போகும். வறுத்தரைத்த பருப்புத் துவையல் போதும்.

சோறு மட்டுமே கட்டினால் அது வெறும் மாவுச்சத்து. அவித்த பாசிப்பயறோ கொண்டைக்கடலைச் சுண்டலோ ஒரு டப்பா இருக்கட்டும். வெள்ளரிக்காயைக் கழுவி முழுதாக எடுத்துப்போய் அங்கே நறுக்கலாம். தை பிறக்கும் சமயமென்றால் அவித்த பனங்கிழங்கைவிட நல்ல நொறுக்குத்தீனி கிடையாது. அதில் நார்ச்சத்து அதிகம். மென்று தின்ன நேரமும் ஆகும்.

ஓடைத் தண்ணீர் தெளிவாகத்தான் தெரியும். மேலே நூறு பேர் குளிக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. குடிக்கக் கொதித்து ஆறிய தண்ணீரை எடுத்துச் செல்லுங்கள்.

பால்கோவாவும் சேவும்

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை ஒதுக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. பாலைச் சுண்டக் காய்ச்சும்போது அதன் கொழுப்பெல்லாம் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடுகிறது, அதன்மேல் சீனி வேறு. சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சிறு கரண்டி எடுத்து ருசித்துச் சாப்பிடுங்கள்; வெறும் வயிற்றில் பஸ்ஸில் உட்கார்ந்து பொட்டலத்தையே காலி செய்ய வேண்டாம். உதிரியாக விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும் என்பதைக் கடையில் எழுதி வைக்க வேண்டும் என்ற விதி 2020 அக்டோபர் முதல் நடப்பில் இருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

சேவைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, இனிப்பில்லையே என்று. எண்ணெய் ஒருபுறம், உப்பு மறுபுறம். நாளுக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது ஒரு தேக்கரண்டி. குழம்பிலும் ஊறுகாயிலுமே அது முடிந்துவிடுகிறது. ரத்தக்கொதிப்புக்காரர் வீட்டில் சேவுப் பொட்டலத்தைப் பிரித்தபடி நடுவில் வைக்காதீர்கள். கிண்ணத்தில் அளந்து கொடுங்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு

இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2023-ஆம் ஆண்டு ஆய்வு கணித்தது. குளிக்கப் போகும் கூட்டத்தில் அவர்களும் உண்டு. சுற்றுலா நாள்தானே என்று மாத்திரையை விட்டுவிடுவது ஒரு தவறு. மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு, மதியச் சாப்பாட்டை மூன்று மணிக்குத் தள்ளிப்போடுவது அதைவிட ஆபத்து. நடையும் குளியலும் சேர்ந்து சர்க்கரையைத் திடீரென இறக்கிவிடும். கை நடுக்கம், வேர்வை, படபடப்பு வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். பால்கோவா அந்நேரத்துக்கு உதவாது. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். மலையடிவாரத்தில் செல்போன் சிக்னலை நம்ப முடியாது என்பதால், கூட வருபவர் ஒருவருக்காவது இந்த விவரங்களைக் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்.