தொகுப்பில் வாழும் படங்கள்

பத்து நிமிடப் படத்துக்குத் தனியாக டிக்கெட் விற்க முடியாது. குறும்படத்தின் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த எளிய வியாபாரக் கணக்கிலிருந்து பிறந்தவை. சினிமா தோன்றியபோது இருந்ததெல்லாம் குறும்படம்தான். 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸின் கிராண்ட் கஃபேயில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு காட்டிய பத்துப் படங்களில் ஒன்றுகூட ஒரு நிமிடத்தைத் தாண்டவில்லை. பிறகு கதைகள் நீண்டன. கொட்டகைகளும் அதற்கேற்பக் காட்சி நேரத்தை வகுத்துக்கொண்டன. குறும்படம் மெயின் படத்துக்கு முன்னால் ஓடும் உபரியாகச் சுருங்கியது. தொலைக்காட்சி வந்ததும் அந்த ஓரத்து இடமும் பறிபோயிற்று. மிஞ்சியது திரைப்பட விழா ஒன்றுதான். விழாவை நாளைய இயக்குநர்களைத் தேடும் சந்தையாகவே பலரும் பார்க்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அது பாதிக் கதை. தமிழ்ச் சிறுகதைக்குப் பத்திரிகை என்னவாக இருந்ததோ, குறும்படத்துக்கு விழா அதுவாக இருக்கிறது. மௌனியின் கதைகளை எழுதப்படாத நாவலுக்கான ஒத்திகை என்று யாரும் சொல்வதில்லை. 'மணிக்கொடி' போன்ற இதழ்களில் கதைகளைத் தேர்ந்து, வரிசைப்படுத்தி, அடுத்தடுத்து வாசகர் கையில் கொடுத்த ஆசிரியர்கள் இருந்ததால்தான் சிறுகதை தன் காலில் நிற்க முடிந்தது. குறும்படத்துக்கும் அப்படி ஓர் ஆசிரியர் வேண்டும்.

சட்டம் போட்டால் போதாதா என்று கேட்கலாம். இரண்டு நாடுகள் போட்டும் பார்த்தன. பிரான்சில் 1940-ல் வந்த சட்டம், ஒரே காட்சியில் இரண்டு முழுநீளப் படங்களை ஓட்டத் தடை விதித்து, அந்த இடத்தைக் குறும்படத்துக்குக் கொடுத்து, வசூலிலும் ஒரு பங்கை ஒதுக்கியது. 1953-ல் இந்தப் பாதுகாப்பு விலக்கப்பட்டபோது, அலென் ரெனே உள்ளிட்ட இயக்குநர்களும் தயாரிப்பாளர்களும் 'முப்பதின்மர் குழு' என்று திரண்டு எதிர்த்தார்கள். அதன் பலனாக, தரத்தை மதிப்பிட்டு உதவித்தொகை வழங்கும் முறை வந்தது. இந்தியாவில் 1948-ல் தொடங்கிய ஃபிலிம்ஸ் டிவிஷனின் செய்திப் படங்களையும் ஆவணப் படங்களையும் எல்லாத் திரையரங்குகளும் காட்டியே ஆக வேண்டும் என்று விதி இருந்தது. விளைவு நமக்குத் தெரியும். செய்திப் படம் முடியும்வரை வெளியே டீயும் பீடியுமாக நின்றுவிட்டு, பேர் போடும் நேரத்தில் உள்ளே நுழைந்த ரசிகர்கள் ஒரு தலைமுறை. பிரமோத் பதியின் 'எக்ஸ்ப்ளோரர்' (1968) போன்ற துணிச்சலான ஏழு நிமிடப் பரிசோதனைகளும் அந்த நிறுவனத்தில்தான் பிறந்தன. ஆனால் கட்டாயமாக ஊட்டப்பட்ட பண்டத்தில் எது நல்லது என்று பிரித்துப் பார்க்கப் பார்வையாளருக்கு யாரும் உதவவில்லை. திரை கிடைத்தது, தேர்வு இல்லை.

தேர்வு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பிரான்சின் நடுப்பகுதியில் உள்ள கிளெர்மோன்-ஃபெரான் சாட்சி. மிஷெலின் டயர் கம்பெனியின் ஊர்; சுற்றிலும் அணைந்துபோன எரிமலைகள். கேன் நகரைப் போலக் கடற்கரையோ நட்சத்திரங்களோ கிடையாது. விழா நடப்பதும் ஜனவரி கடைசியில் தொடங்கும் குளிர் வாரங்களில். 1979-ல் பல்கலைக்கழகத் திரைப்படக் கழக மாணவர்கள் நடத்திய குறும்பட வாரம் அது. 1982-ல் போட்டி விழாவானது. 1988-ல் உலகப் படங்களுக்குப் போட்டி திறக்கப்பட்டது. இப்போது விழாவுக்கு வரும் பார்வையாளர் எண்ணிக்கை ஒன்றரை லட்சத்தைத் தாண்டுகிறது. ஊரின் மக்கள்தொகையே ஏறக்குறைய அவ்வளவுதான். ஆண்டுதோறும் பல ஆயிரம் படங்கள் வந்து குவிகின்றன. அவற்றிலிருந்து ஒரு சிறு பங்கைப் பொறுக்கி, ஐந்தாறு படங்களாக அடுக்கி, சுமார் ஒன்றரை மணி நேர அமர்வுகளாக்குகிறார்கள். அமர்வுக்குப் பெயர்கூடக் கிடையாது, எழுத்தும் எண்ணும்தான். உலகப் போட்டியின் மூன்றாம் அமர்வுக்கு டிக்கெட் வாங்குபவருக்கு அதில் வரும் இயக்குநர் ஒருவரின் பெயரும் தெரிந்திருக்கத் தேவையில்லை. நடிகர் யார், கதை என்ன என்று கேட்காமல், தொகுத்தவரை நம்பி ஒரு கூட்டம் குளிரில் வரிசையில் நிற்கிறது. தனியாக விலைபோகாத பத்து நிமிடம், தொகுப்புக்குள் வந்ததும் விலைபோகிறது.

தொகுப்பு என்பது வெறும் மூட்டை கட்டுவதும் அல்ல. மூன்று படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்துக்காக நார்மன் மெக்லாரன் எடுத்த 'நெய்பர்ஸ்' (1952) எட்டு நிமிடம். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர். இருவர் நிலத்துக்கும் நடுவே ஒரு பூ முளைக்கிறது. அது யாருக்கு என்ற தகராறு வேலி, கைகலப்பு, கொலை என்று போய் முடிகிறது. உயிருள்ள நடிகர்களையே பொம்மைகளைப் போல ஒவ்வொரு சட்டகமாக நகர்த்திப் படமெடுத்திருக்கிறார். (இதற்கு ஆவணக் குறும்படப் பிரிவில் ஆஸ்கர் கொடுத்தார்கள் என்பது அகாடமியின் விநோதங்களில் ஒன்று.) இரண்டாவது, சத்யஜித் ராயின் 'டூ' (1964). வசனமே இல்லாத கால் மணி நேரம். மாளிகை ஜன்னலில் பணக்காரச் சிறுவன். கீழே குடிசைப் பையன். இவன் புல்லாங்குழல் ஊதினால் அவன் பொம்மை எக்காளத்தால் அமுக்குகிறான். இவன் பட்டம் விட்டால் அவன் காற்றுத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்துகிறான். பிறகும் குழலோசை கேட்கிறது. மூன்றாவது, ஈரானின் அப்பாஸ் கியாரோஸ்தமி சிறுவர்களுக்காக எடுத்த 'ஒரு பிரச்சினைக்கு இரண்டு தீர்வுகள்' (1975). ஐந்து நிமிடம்தான். வகுப்புத் தோழன் ஒருவனின் நோட்டுப் புத்தகம் கிழிந்து திரும்பி வருகிறது. முதல் தீர்வில் பழிக்குப் பழி, சேதத்துக்குச் சேதம். இரண்டாவதில் பசை எடுத்து ஒட்டிவிட்டு நண்பர்களாகவே இருக்கிறார்கள்.

மூன்றும் சேர்ந்து அரை மணி நேரம் வராது. தனியாகப் பார்த்தால் கியாரோஸ்தமியின் படம் பள்ளிக்கூட நீதிக்கதை போலத் தோன்றும். மெக்லாரனுக்குப் பிறகு அது திரையில் வந்தாலோ, அந்தப் பசையும் காகிதமும் இரண்டு குடும்பங்களின் பிணங்களுக்கு எதிரில் வைக்கப்பட்ட மாற்று வழியாகிவிடுகின்றன. நடுவில் ராய் வந்தால் இன்னொரு கேள்வி எழுகிறது: சண்டையிடும் இருவரும் சமமானவர்கள் என்று மற்ற இரண்டு படங்களும் எடுத்துக்கொள்கின்றனவே, ஒருவனிடம் துப்பாக்கியும் மற்றவனிடம் குழலும் இருந்தால் பசை யார் கொண்டுவருவது? இந்தக் கேள்வியை மூன்று இயக்குநர்களில் யாரும் இந்த வடிவத்தில் கேட்கவில்லை. வரிசைதான் கேட்கிறது. முழுநீளப் படங்களை இப்படி ஒட்டிப் பார்க்க ஒரு முழு நாள் வேண்டும். அதற்குள் முதல் படத்தின் சூடு ஆறிவிடும்.

குறும்படம் தன் காலில் நிற்கும் வடிவம் என்பதற்கு வலுவான மறுப்பு குறும்பட உலகின் உள்ளிருந்தே வருகிறது. ஜெர்மனியின் ரூர் பகுதியில் நிலக்கரிக்கும் எஃகுக்கும் பேர்போன ஓபர்ஹவுசன் நகரில் 1954 முதல் குறும்பட விழா நடக்கிறது. பனிப்போர் நாட்களில் கிழக்கு ஐரோப்பியப் படங்களுக்கு மேற்கில் கதவு திறந்த இடங்களில் அது முக்கியமானது. 1962 பிப்ரவரி 28 அன்று அதே விழாவில் அலெக்சாண்டர் குளூகே, எட்கர் ரைட்ஸ் உட்பட 26 பேர் பழைய ஜெர்மன் சினிமா செத்துவிட்டது என்று அறிக்கை வெளியிட்டார்கள். அந்த அறிக்கையிலேயே, குறும்படம் முழுநீளப் படத்துக்கான பள்ளியும் பரிசோதனைக் களமும் ஆகிவிட்டது என்ற கருத்து இருக்கிறது. குறும்படம் முழுநீளப் படத்துக்கு ஏறிப்போகும் ஏணி என்று ஓபர்ஹவுசனே சொல்லும்போது நாம் ஏன் மறுக்க வேண்டும்? ஏறிப்போனவர்களும் ஏராளம். 1982-ல் எடுத்த 'பீல்' என்ற ஒன்பது நிமிடப் படத்துக்கு ஜேன் கேம்பியன் கேனில் குறும்படத்துக்கான தங்கப் பனை வாங்கினார்; 1993-ல் 'தி பியானோ'வுக்குப் பெரிய தங்கப் பனையே கிடைத்தது. டேமியன் ஷசெல் 'விப்லாஷ்' படத்துக்கு முதலீடு திரட்டுவதற்காகவே அதன் ஒரு பகுதியை 2013-ல் குறும்படமாக எடுத்தார்.

இவற்றை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஏணி வாதம் எதை விட்டுவிடுகிறது என்று பார்க்க வேண்டும். ஈரானியக் கவிஞர் ஃபரூக் ஃபரோக்சாத் தப்ரீஸ் அருகே தொழுநோயாளர் குடியிருப்பு ஒன்றில் எடுத்த 'வீடு இருண்டிருக்கிறது' இருபது நிமிடங்களைச் சற்றே தாண்டும். ஓபர்ஹவுசனில் பரிசு பெற்றது. அதற்குப் பிறகு அவர் படம் எடுக்கவில்லை. 1967-ல் கார் விபத்தில் இறந்துபோனார். எந்த மாடிக்கும் கொண்டுபோகாத அந்தப் படத்தைத்தான் ஈரானின் புதிய சினிமாவுக்கு முன்னோடி என்கிறார்கள். கிறிஸ் மார்க்கரின் 'லா ஜெத்தே' (1962) அநேகமாக முழுவதும் அசையாப் புகைப்படங்களால் ஆன 28 நிமிடம். அதன் தூண்டுதலில் டெர்ரி கில்லியம் 1995-ல் 'ட்வெல்வ் மங்கீஸ்' எடுத்தார். இரண்டு மணி நேரத்துக்கும் மேல். நல்ல படம்தான். ஆனால் மார்க்கரின் படத்தில் ஒரே ஒரு முறை, தூங்கி எழும் பெண்ணின் இமைகள் அசையும் கணத்தை அதால் செய்ய முடியாது. இருபது நிமிட அசைவின்மை சேர்த்துவைத்த கணம் அது. அதையே இரண்டு மணி நேரம் இழுத்தால் பார்வையாளர் எழுந்துபோயிருப்பார். ரெனேயின் 'இரவும் மூடுபனியும்' நாஜி வதைமுகாம்களை 32 நிமிடத்தில் சொல்லி முடித்தது. அந்த அளவும் பணம் போதாமல் வந்ததல்ல, பொருளை அறிந்து வந்தது.

இன்னொரு மறுப்பு, எல்லாம் யூடியூபில் இருக்கும்போது விழா எதற்கு என்பது. படங்கள் இருக்கின்றன, சரி. தொகுப்பாளர் அங்கே இல்லை. போலந்தின் ஸ்பிக்னியெவ் ரிப்சின்ஸ்கியின் 'டேங்கோ'வில் ஒரே அறைக்குள் 36 பேர் ஒருவர் மேல் ஒருவர் இடிக்காமல் தத்தம் காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள், வசனம் இல்லை, எட்டு நிமிடம், 1983-ல் ஆஸ்கர் வாங்கியது. இதைத் தேடிப் போக ஒருவருக்கு இதன் பெயர் முன்பே தெரிந்திருக்க வேண்டும். நேற்றுப் பார்த்ததைப் போல இன்னொன்றை நீட்டுவதுதான் இணையத்தின் கணக்கு. நேற்றுப் பார்த்ததற்கு எதிரானதை வைப்பது நல்ல தொகுப்பாளரின் கணக்கு. கையில் போனோடு இருப்பவர் முப்பதாவது நொடியில் தள்ளிவிடும் படத்தை, அரங்கில் இருப்பவர் பொறுத்துக்கொண்டு பார்ப்பார். அடுத்தது வரும் என்று அவருக்குத் தெரியும். கடினமான படத்துக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

விழாக்களுக்கென்று ஒரு ருசி உருவாகி, அதற்கேற்பப் படங்கள் செய்யப்படுகின்றன என்ற குற்றச்சாட்டு மட்டும் எனக்கு நியாயமாகவே படுகிறது. நீண்ட மௌனம், தூரத்தில் நடந்துபோகும் குழந்தை, முடியாமல் முடியும் கடைசிக் காட்சி. இந்தச் சூத்திரம் எல்லாக் கண்டங்களிலும் புழங்குகிறது. இதைவிட மோசம், நுழைவுக் கட்டணம் வசூலித்து விருது அனுப்புவதையே தொழிலாகக் கொண்ட இணைய 'விழாக்கள்'. அரங்கமும் இல்லை, பார்வையாளரும் இல்லை. போஸ்டரில் ஒட்டிக்கொள்ள இலைவளையம் மட்டும் வரும். நம் ஊர்க் குறும்படப் போஸ்டர்களில் அந்த இலைகள் படத்தின் பெயரை மறைக்கும் அளவுக்குத் தழைத்திருப்பதைக் காணலாம். ஆனால் இவை மோசமான ஆசிரியர்களுக்கு எதிரான வாதங்களே தவிர, ஆசிரியரே வேண்டாம் என்பதற்கான வாதங்கள் அல்ல. கிளெர்மோன்-ஃபெரானில் கதைப்படங்களின் ஆதிக்கத்தை உணர்ந்து, வடிவப் பரிசோதனைகளுக்கென்று தனிப் போட்டிப் பிரிவு ஒன்றை 2002-ல் சேர்த்தார்கள். ருசி இறுகும்போது தளர்த்துவதும் தொகுப்பவரின் வேலைதான்.

தமிழில் குறும்படத்துக்குப் பெரிய கூட்டம் கூடியது விழாவில் அல்ல, தொலைக்காட்சியில். கலைஞர் டிவியின் 'நாளைய இயக்குனர்' நிகழ்ச்சியிலிருந்து கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் எனப் பலர் வந்தார்கள். 2012-ல் 'பீட்சா', 2013-ல் 'சூது கவ்வும்' என்று தமிழ் சினிமாவே சற்றுத் திசை மாறியது. ஏணியாக அது அருமையான ஏணி. வாரம் தவறாமல் குறும்படங்களைப் பார்த்து விவாதித்த வீடுகள் அன்று இருந்தன. எனவே தமிழருக்குப் பொறுமை இல்லை என்ற வாதம் எடுபடாது. பக்கத்தில் கேரளத்தின் சலச்சித்ர அகாதமி 2008-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய ஆவணப்பட, குறும்பட விழா முழுநீளப் படங்களின் விழாவிலிருந்து தனியாகவே நடக்கிறது. அந்தப் பிரிவினை கவனிக்கத்தக்கது. பெரிய விழா ஒன்றின் பிற்பகல் மூலையில், அரை நாள் அரங்கு ஒதுக்கி, இருபது படங்களை வந்த வரிசையில் ஓட்டிவிடுவதற்கும், ஐந்து படங்களுக்கு வரிசை யோசித்து ஒன்றரை மணி நேரக் காட்சியாக்கி டிக்கெட் போடுவதற்கும் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டாவதற்குத் தேவைப்படுவது, இருநூறு படங்களை முழுதாகப் பார்த்து நூற்றுத் தொண்ணூற்றைந்தை வேண்டாம் என்று சொல்லச் சம்பளம் வாங்கும் ஓர் ஆள்.