வராத குருவுக்கு ஒரு சம்பளம்

1854 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ஜூடா டூரோ என்ற வணிகர் காலமானார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். வயது 78. சாவதற்குச் சில நாள் முன்பு அவர் கையெழுத்திட்ட உயில், அந்தக் காலத்து அமெரிக்காவின் மிகத் தாராளமான தர்மப் பத்திரங்களில் ஒன்றாக இருந்தது. அதில் ஒரு வரி படிப்பவரைச் சற்று நிறுத்தும். தாம் பிறந்த நியூபோர்ட் ஊரின் ஜெப ஆலயத்தில் வழிபாடு நடத்துகிறவருக்குச் சம்பளம் தரவும், அங்குள்ள யூதர் இடுகாட்டைப் பேணவும் பத்தாயிரம் டாலர் வைத்திருந்தார். அந்த ஆலயத்தில் அப்போது வழிபாடு நடத்த ஒருவரும் இல்லை. வழிபட வரவும் யாரும் இல்லை. கட்டடம் பூட்டிக் கிடந்து முப்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

யூதச் சபை ஒன்றுக்குக் கொடுப்பது என்றால் என்ன என்பதை இந்த ஒரு வரியிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். கட்டுவதற்குக் கொடுப்பவர்கள் எந்தக் காலத்திலும் கிடைப்பார்கள். கட்டியதைக் காப்பதற்கு, அதுவும் இன்னும் பிறக்காதவர்களுக்காகக் காப்பதற்குக் கொடுப்பவர்கள் அரிது. நியூபோர்ட் ஆலயம் இன்று நிற்கிறது என்றால் அப்படிப்பட்ட இரண்டு பேர் அண்ணன் தம்பியாக அமைந்ததுதான் காரணம்.

யூத சமயத்தில் எல்லா ஆலயங்களையும் மேலிருந்து நடத்தும் தலைமைப் பீடம் கிடையாது. ஒவ்வொரு சபையும் தனித்தனி. ரப்பி எனப்படும் குருவின் சம்பளம், கூரையின் ஒழுக்கு, குளிர்காலத்தில் கூடத்தைச் சூடாக்கும் செலவு, தோல் சுருளில் எழுத்தர் மாதக்கணக்கில் உட்கார்ந்து கையால் எழுதும் வேதமான தோராவின் விலை, எல்லாம் சபையாரின் பையிலிருந்துதான் வரவேண்டும். ஆட்கள் குறைந்தால் பணம் குறையும். பணம் குறைந்தால் முதலில் ரப்பி போவார், பிறகு கூரை போகும்.

ரோட் ஐலண்டின் துறைமுக ஊரான நியூபோர்ட்டுக்கு யூதர்கள் 17ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டார்கள். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் மத விசாரணைக்குத் தப்பிய குடும்பங்களின் வழிவந்தவர்கள். வந்தவர்கள் முதலில் வாங்கியது ஆலயத்துக்கான நிலம் அல்ல. 1677இல் இடுகாட்டுக்கு நிலம் வாங்கினார்கள். ஆலயம் கட்டத் தொடங்கியது 1759இல்தான். கையில் இருந்தது போதவில்லை. நியூயார்க்கின் ஷியரித் இஸ்ரேல் சபைக்கு எழுதினார்கள். கரீபியத் தீவுகளில் இருந்த சபைகளுக்கும் லண்டனுக்கும் எழுதினார்கள். அங்கிருந்தெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வந்த பணத்தைச் சேர்த்து, பீட்டர் ஹாரிசன் என்ற கட்டடக் கலைஞரின் வரைபடப்படி 1763 டிசம்பரில், ஹனுக்கா பண்டிகையின்போது ஆலயத்தைத் திறந்தார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் அது ஓர் எளிமையான செங்கல் கட்டடம். ஆனால் தெருவுக்கு நேராக நிற்காமல் கோணலாக நிற்கும். தோராப் பேழை இருக்கும் சுவர் கிழக்கே எருசலேமை நோக்கவேண்டும் என்பதற்காகத் தெருவின் ஒழுங்கை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். உள்ளே பெண்களுக்கான மாடத்தைப் பன்னிரண்டு தூண்கள் தாங்குகின்றன. இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களுக்கு ஒன்று என்ற கணக்கு. ஒவ்வொன்றும் ஒரே மரத்தில் கடைந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அஸ்திவாரக் கற்களில் ஒன்றை நாட்டியவர் ஆரன் லோப்பஸ், அந்த ஊரின் பெரும் பணக்காரர். அவருடைய கப்பல்கள் திமிங்கில எண்ணெயும் மெழுகுவர்த்தியும் ஏற்றிச் சென்றன. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளையும் ஏற்றி வந்தன. அந்தக் காலத்து நியூபோர்ட்டில் எல்லா மதத்துச் செல்வத்திலும் அந்தக் கறை உண்டு, ஆலயங்களுக்கும் தேவாலயங்களுக்கும் போன காசிலும் உண்டு. கொடையைப் போற்றும்போது அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும். இல்லாவிட்டால் போற்றுவதில் நேர்மை இருக்காது.

பதின்மூன்று ஆண்டு நன்றாக நடந்தது. அமெரிக்க விடுதலைப் போரில், 1776 டிசம்பரில் பிரிட்டிஷ் படை நியூபோர்ட்டைப் பிடித்ததும் வணிகம் படுத்துவிட்டது. யூதக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. ஆலயத்தில் வழிபாடு நடத்திவந்த ஐசக் டூரோ கட்டடத்தை விட்டுப் போகாமல் இருந்தார். போரின் கடைசியில் அவரும் ஜமைக்காவுக்குப் போய் அங்கேயே இறந்தார். அவர் பிள்ளைகள் ஆபிரகாமும் ஜூடாவும் பாஸ்டனில் மாமன் மோசஸ் மைக்கேல் ஹேஸ் வீட்டில் வளர்ந்தார்கள். 1790 ஆகஸ்டில் ஜார்ஜ் வாஷிங்டன் நியூபோர்ட்டுக்கு வந்தபோது, எஞ்சியிருந்த சபையார் சார்பில் மோசஸ் செய்ஷாஸ் வரவேற்று எழுதினார். இந்த அரசு யாருடைய மதவெறிக்கும் இடம் தராது என்று வாஷிங்டன் பதில் எழுதினார். அமெரிக்க மதச் சுதந்திரத்தின் அடையாளமாக இன்றும் எடுத்துக்காட்டப்படும் கடிதம் அது. ஆனால் கடிதம் வந்த சமயத்தில் அதைப் பெற்ற சபை தேய்ந்துகொண்டிருந்தது. 1822இல் கடைசி யூதரும் ஊரை விட்டுப் போனார். தோராச் சுருள்கள் நியூயார்க்கின் ஷியரித் இஸ்ரேல் சபையின் பாதுகாப்புக்குச் சென்றன.

அதே 1822இல் ஆபிரகாம் டூரோ பாஸ்டன் அருகே வண்டியிலிருந்து விழுந்து இறந்தார். ஆலயத்தைப் பராமரிக்கப் பத்தாயிரம் டாலரும், ஆலயத்தையும் இடுகாட்டையும் இணைக்கும் தெருவைச் சீர்படுத்த ஐயாயிரம் டாலரும் உயிலில் எழுதியிருந்தார். யாரிடம் கொடுப்பது? சபை இல்லை, அறங்காவலர்களும் இல்லை. அதனால் ஆலயத்துக்கான பணத்தை ரோட் ஐலண்ட் சட்டமன்றத்திடம் ஒப்படைத்தார். யூத ஆலயம் ஒன்றின் கூரைக்குக் கிறிஸ்தவர்கள் நிறைந்த ஒரு சட்டமன்றம் பொறுப்பேற்றுக்கொண்டது. அந்தத் தெருவுக்கு இன்று டூரோ தெரு என்று பெயர்.

கட்டடத்தை நேரில் கவனித்துக்கொண்டவரும் யூதர் அல்ல. ஸ்டீபன் கூல்ட் என்பவர், குவாக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். ஊரை விட்டுப் போன யூதர்களின் நண்பர். எப்போதாவது ஒரு சாவு விழுந்து, வெளியூரிலிருந்து உடல் நியூபோர்ட் இடுகாட்டுக்கு வந்தால் ஆலயம் திறக்கும். கோடையில் யாராவது பயணிகள் கேட்டால் திறக்கும். மற்ற நாளெல்லாம் பூட்டுதான். ஆனால் கூரை ஒழுகவில்லை, சுவர் சாயவில்லை. ஆபிரகாமின் பணத்து வட்டி அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது.

தம்பி ஜூடாவின் கதை வேறு மாதிரி. இளவயதிலேயே நியூ ஆர்லியன்ஸுக்குப் போய்க் கடை வைத்தார். 1815இல் பிரிட்டிஷாருக்கு எதிரான சண்டையில் படுகாயம்பட்டுப் பிழைத்தார். கப்பலும் வீடுமனையும் வாங்கிப் பெரும் பணம் சேர்த்தார். நெடுங்காலம் அவர் சமயப் பற்றுள்ள யூதராக வாழ்ந்தார் என்று சொல்ல முடியாது. கடனில் முழுகிய ஒரு கிறிஸ்தவ தேவாலயத்தை விலைக்கு வாங்கி, அதன் சபையாரையே அங்கே தொழவிட்டவர் அவர். முதுமையில்தான், கெர்ஷம் கர்ஷீட் என்ற இளைஞரின் விடாத தூண்டுதலால், தம் சமயத்தாரை நோக்கித் திரும்பினார். நியூ ஆர்லியன்ஸில் பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றை வாங்கி ஜெப ஆலயமாக்கிக் கொடுத்தார். கடைசியில் அந்த உயில். பாஸ்டன் முதல் பல ஊர்ச் சபைகளுக்கும் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் அதில் பங்கு உண்டு. எருசலேமின் ஏழை யூதர்களுக்கு ஐம்பதாயிரம் டாலர் ஒதுக்கி, லண்டனின் யூதக் கொடையாளர் மோசஸ் மாண்டிஃபியோரி கையில் சேர்க்கச் சொன்னார். பழைய நகரத்தின் மதிலுக்கு வெளியே முதன்முதலாக எழுந்த யூதக் குடியிருப்பு, மிஷ்கெனோட் ஷானானிம், அந்தப் பணத்தில் 1860இல் கட்டியதுதான்.

அவ்வளவு பெரிய கொடைகளுக்கு நடுவே நியூபோர்ட் குருவின் சம்பளம் சின்னத் தொகை. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. எருசலேமில் பசித்த ஏழைகள் கண்முன் இருந்தார்கள். நியூபோர்ட்டில் யாருமே இல்லை. அப்பா நின்று ஓதிய இடத்தில் என்றைக்காவது ஒருவர் நிற்பார் என்ற நம்பிக்கைக்குப் பணம் கட்டியிருக்கிறார்.

நம்பிக்கை பலிக்க இன்னும் முப்பது ஆண்டு ஆயிற்று. 1880களில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அடித்து விரட்டப்பட்ட யூதர்கள் அமெரிக்கா வந்து இறங்கினார்கள். நியூபோர்ட்டிலும் சிலர் குடியேறினார்கள். தையல்காரர்களும் சிறு கடைக்காரர்களுமான அவர்களுக்கும் டூரோ குடும்பத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. வழிபாட்டு முறையேகூட வேறு. ஆனாலும் கூரையோடு ஒரு ஆலயமும், குருவுக்குச் சம்பளம் தர ஒரு நிதியும் அவர்களுக்காகக் காத்திருந்தன. இங்கிலாந்திலிருந்து ஆபிரகாம் பெரெய்ரா மெண்டெஸ் வந்தார். 1883இல் ஆலயம் மறுபடி திறந்தது.

இந்தக் காலத்துச் சபைகள் பணம் திரட்டும் விதத்தையும் சொல்லவேண்டும். ஆண்டுச் சந்தாதான் முதல் வருமானம். முடியாதவர்கள் பொருளாளரிடம் தனியாகச் சொன்னால் குறைத்துக்கொள்வார்கள். அது வெளியே போகாது. சமீப காலத்தில் சந்தாவையே எடுத்துவிட்டு, மனமுவந்து தருவதைத் தாருங்கள் என்று மாறிய சபைகளும் உண்டு. சபை நிரம்பி வழியும் நாள் யோம் கிப்பூர், பாவ நிவாரண நாள். அன்று ஆசாரமுள்ள யூதர் காசைத் தொட மாட்டார், பேனா பிடிக்க மாட்டார். அதற்காகவே இருக்கைகளில் ஓர் அட்டை வைத்திருப்பார்கள். ஓரத்தில் தொகைகள் அச்சிட்ட சிறு நாக்குகள் இருக்கும். எவ்வளவு தர நினைக்கிறாரோ அந்த நாக்கை விரலால் மடித்தால் போதும். தொகைகளும் 18, 36, 180 என்றே இருக்கும். எபிரெயத்தில் உயிர் என்ற சொல்லின் எழுத்துக்களைக் கூட்டினால் 18 வரும் என்பதால் அது மங்கல எண். கூடத்தின் சுவரில் இறந்தவர் பெயர் பொறித்த வெண்கலத் தகடுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சிறு விளக்கு, அவர் நினைவு நாள் வரும் வாரத்தில் எரியும். அந்தத் தகடுக்குக் குடும்பத்தார் கொடுத்த பணமும் சபையின் செலவுக்குத்தான் போகிறது. ஒரு பாட்டியின் பெயரால் கூரைக்கு ஓடு வாங்குவதில் குறைவு ஒன்றும் இல்லை; நல்ல ஏற்பாடு.

நியூபோர்ட்டில் இந்த வருமானம் ஒருபோதும் போதியதாக இல்லை. சிறிய ஊர், சிறிய சபை. கட்டடமோ 1946 முதல் தேசிய வரலாற்றுத் தலம். செலவும் அதற்கேற்றதுதான். 1948இல் ஆலயத்தின் நண்பர்கள் என்று ஒரு சங்கம் தொடங்கி, உறுப்பினர் அல்லாதவர்களிடமும் நிதி திரட்டினார்கள். 2009இல் பார்வையாளர்களுக்கென்று பக்கத்தில் ஒரு மையம் எழுந்தது. அதற்குப் பெருங்கொடையாளர் கிடைத்தார். மாதாமாதம் ரப்பிக்குத் தரவேண்டிய சம்பளத்துக்கு அப்படி ஒருவர் கிடைப்பது எங்கேயும் கடினம்.

அந்த நெருக்கடியில்தான் சபை 2012இல் ஒரு முடிவெடுத்தது. தோராச் சுருளின் மரத்தண்டுகள் மேல் செருகும் சிறுமணிகள் தொங்கும் வெள்ளி முடிகளுக்கு ரிமோனிம் என்று பெயர். நியூயார்க்கின் 18ஆம் நூற்றாண்டு வெள்ளித் தட்டார் மையர் மையர்ஸ் செய்த ஒரு ஜோடி நியூபோர்ட்டில் இருந்தது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அதற்கு 74 லட்சம் டாலர் தர முன்வந்தது. அந்தப் பணத்தை முதலாகப் போட்டு வட்டியில் ரப்பியையும் கட்டடத்தையும் நிரந்தரமாகப் பேணலாம் என்பது திட்டம்.

நியூயார்க்கின் ஷியரித் இஸ்ரேல் குறுக்கே வந்தது. வெள்ளியும் எங்களுடையது, ஆலயமும் எங்களுடையது, நீங்கள் குத்தகைதாரர் என்றது. அதற்கு ஆதாரம் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுக் குடியேறிகளுக்கும் நியூயார்க்குக்கும் சண்டை மூண்டு நீதிமன்றம் வரை போய், ஆண்டுக்கு ஒரு டாலர் குத்தகை என்று 1903இல் முடிந்திருந்தது. அருங்காட்சியகம் விலகிக்கொண்டது. 2016இல் கீழ் நீதிமன்றம் நியூபோர்ட் பக்கம் தீர்ப்பளித்தது. நியூயார்க் சபை அந்த ஊர் யூதர்களுக்காகச் சொத்தை வைத்திருக்கும் அறங்காவலர் மட்டுமே என்றது. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டியது. ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி டேவிட் சூட்டர் எழுதிய தீர்ப்பு அது. சமய வரலாற்றுக்குள் போகாமல், இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை வைத்து ஷியரித் இஸ்ரேலே உடைமையாளர் என்று முடிவு செய்தார். 2019இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது.

நியூயார்க்கின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆளில்லாத காலத்தில் சுருள்களைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். புனிதப் பொருளை இன்று விற்றால் நாளை எதை விற்பார்கள் என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனாலும் என் மனம் நியூபோர்ட் பக்கம்தான் சாய்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் போனாலும் அந்த வெள்ளி அழிந்துபோகாது, தலைமுறை தலைமுறையாகப் பார்ப்பவர்கள் இருப்பார்கள். சபை கலைந்துவிட்டால் அது மறுபடி கூட இன்னொரு அறுபது ஆண்டு ஆகலாம், கூடாமலே போகலாம். பழைய கொடையாளர்கள் நிலத்துக்கும் வெள்ளிக்கும் யார் பொறுப்பு என்பதைத் தெளிவாக எழுதிவைத்திருந்தால், இரண்டு சபைகளும் வழக்கறிஞர்களுக்குக் கொட்டிய பணம் அத்தனையும் கூரைக்குப் போயிருக்கும். டூரோ சகோதரர்களின் உயில்கள் தப்பித்ததற்குக் காரணமே அந்தத் தெளிவுதான். எதற்கு, யார் கையில், எவ்வளவு என்று மூன்றையும் எழுதியிருந்தார்கள்.

தீர்ப்புக்குப் பிறகு பிணக்கு வெள்ளியைத் தாண்டிக் கட்டடத்தின் குத்தகைக்குத் தாவியது. 74 லட்சம் டாலர் முதல் என்ற கனவு போயே போய்விட்டது. ரப்பியின் சம்பளத்துக்கும் மராமத்துக்கும் வேண்டிய பணத்தைச் சந்தாவாகவும் நன்கொடையாகவும் ஆண்டுதோறும் முதலிலிருந்து திரட்டவேண்டிய நிலைக்குச் சபை தள்ளப்பட்டது.