203-ஐ 2003-னு எழுதுதா குழந்தை? திட்டாதீங்க, காரணம் இதுதான்!

'இருநூற்று மூன்று' எழுதச் சொன்னால், உங்க வீட்டு இரண்டாம் வகுப்பு வாண்டு 2003 என எழுதுகிறதா? அது கவனக்குறைவு இல்லை. காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறது: 200, அடுத்து 3.

பழைய தமிழ் எண்முறையில் 203 என்பது ௨௱௩. நூறுக்கு ௱ எனத் தனிக் குறியே இருந்ததால் நடுவில் பூஜ்ஜியம் தேவைப்படவில்லை. இன்றைய முறையில் இலக்கம் நிற்கும் இடம்தான் மதிப்பு.

எப்படிப் புரியவைப்பது?

லாஸ்பேட்டை மளிகைக் கடையில் பில் 203 ரூபாய் என வைத்துக்கொள்வோம். தாளில் நூறு, பத்து, ஒன்று என மூன்று கட்டம் போடுங்க. 100 ரூபாய் நோட்டு இரண்டு, 1 ரூபாய் காசு மூன்று வைக்கச் சொல்லுங்க. நடுக்கட்டம் காலி, அங்கேதான் 0.

இது பிடிபடாவிட்டால், கடன் வாங்கிக் கழித்தலில் குழந்தை திணறும்.